தயா யாரோடு இருப்பான்

பிப்ரவரி 3, சனி

கோயம்புத்தூரிலிருந்து சேலம் வந்து சேர சாயங்காலம் ஆறு ஆகிவிட்டது. லென்ஸ் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. கடை மேஜையில் சும்மா கிடந்தது. யாரிடமும் சொல்ல முடியாததை இதில் எழுதலாம் என்று எடுத்து வந்தேன்.

ஒரு மாதமாக இடது கண்ணுக்குப் பின்னால் வலி. கண்ணாடிக் கடைக்காரன் என்பதால் பவர் மாறியிருக்கும் என்று எனக்கு நானே மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். பவர் மாறவில்லை. ஸ்கேனில்தான் தெரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு வீக்கம், ஏழு மில்லிமீட்டர். "வெடிச்சாத்தான் ஆபத்து. அதுக்கு முன்னாடி மண்டையைத் திறந்து, அந்த வீக்கத்தோட அடியில ஒரு கிளிப் போட்டுடலாம்" என்றார் டாக்டர். இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை ஆபரேஷன்.

"கூட யார் வந்திருக்கீங்க?"

"தம்பி."

"உள்ள கூப்பிடுங்க."

தயா வந்தான். "வணக்கம் டாக்டர். உங்க கண்ணாடி அழுக்கா இருக்கு" என்று அவர் கழற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையிலிருந்த துணியால் துடைத்துக் கொடுத்தான். டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற யாராவது?"

"இல்ல டாக்டர்."

தயாளனுக்கு இருபத்தாறு வயது. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் மனசு என்று சிறப்புப் பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். வலிப்பும் உண்டு. மூன்று வருடம் முன்பு அம்மா போனாள். போன ஜூலையில் அப்பா. இப்போது நானும் அவனும்தான்.

நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் நல்லபடியாக எழுந்துவிடுவார்களாம். பஸ்ஸில் வரும்போது மீதிப் பேரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கோழி வாங்கினேன். தயாவின் தட்டில் எலும்பை எடுத்துவிட்டுப் போட்டேன். எடுக்காவிட்டால் அப்படியே விழுங்கப் பார்ப்பான். இதை யாரிடம் சொல்லிவைப்பது?

பிப்ரவரி 6, செவ்வாய்

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தயாவைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். காலையும் இரவும் வலிப்பு மாத்திரை. வெந்நீர் என்றால் தொட்டுப் பார்க்க மாட்டான், நாம்தான் பதம் பார்த்து வைக்க வேண்டும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், இழுக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். "சீக்கிரம்" என்ற சொல்லை அவனிடம் சொல்லவே கூடாது. தினமும் ஐந்து மணிக்குப் பக்கத்து பேக்கரியில் ஒரு பன்னும் டீயும், அது இல்லாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நான்கு பக்கம் போயிற்று. எழுதி முடித்துப் பார்த்தால், யாருக்கு எழுதுகிறேன் என்று மேலே போட ஒரு பெயர் இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஆத்தூரிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. ஆபரேஷன் என்றதும் ஓடி வந்துவிட்டார். உயில் எழுதலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"உயிலா? முப்பத்திரண்டு வயசுல எவன்டா உயில் எழுதுறான்? அபசகுனமா பேசாதே. ஆபரேஷன் முடியட்டும், பொண்ணு பாக்கலாம்."

"முடிஞ்சு நான் எந்திரிக்கலன்னா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க இல்லையா? தயாவை நாங்க பாத்துக்கறோம். வீட்டை மட்டும் ரஞ்சித் பேருல எழுதி வெச்சிடு, அண்ணன் கட்டுன வீடு வெளிய போயிடக் கூடாது. நாளைக்கு யாராவது உரிமைன்னு வந்து நிப்பாங்க."

ரஞ்சித் அவர் மகன். அந்த 'யாராவது' யாரென்று இருவருக்கும் தெரியும். நான் இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

வக்கீல் ஷாகிரா பானு மேடம் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். வருடக்கணக்காக நம் கடைதான். தயங்கித் தயங்கிக் கேட்டேன். உயில் வயசானவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன் என்றும் சொன்னேன்.

"வயசானவங்களுக்குப் பிள்ளைங்க வளந்து சம்பாதிச்சுக்கிட்டு இருக்கும். உங்க வயசுக்காரங்களை நம்பித்தான் யாராவது சின்னதா ஒருத்தர் வீட்ல இருப்பாங்க. நான் என்னோடதை இருபத்தெட்டு வயசுல எழுதினேன், மூத்தவ பிறந்த மாசம்."

அப்புறம் அவர் சொன்ன எதுவும் எனக்கு அதுவரை தெரியாது. தயாவுக்குப் பதினெட்டு தாண்டியதிலிருந்து சட்டப்படி அவனுக்குக் காப்பாளர் என்று யாருமே இல்லையாம். நான்கூட இல்லை. கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, அங்கே மனுப் போட்டு வாங்க வேண்டும். எனக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

"இன்னொண்ணு. நீங்க சாகவும் இல்ல, நினைவும் இல்லன்னு வெச்சுக்கங்க. அப்ப உங்களுக்காக டாக்டர்கிட்ட யார் பேசறது?"

நான் சாவைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். இது ஒன்று புதிதாகச் சேர்ந்தது.

குறிப்பெடுத்துக்கொண்டார். "கூடப்பிறந்தவங்க?"

"தம்பி மட்டும்தான்."

எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தயாவை ஆத்தூரில் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் இருந்து பழகட்டும். பையில் மாத்திரை, துணி, நான்கு பக்கக் காகிதம். சித்தி சிரித்துக்கொண்டேதான் வாங்கி வைத்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்தேன். தயா வரும் வரை ஹோட்டல்தான் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மத்தியானம் போய்க் கூட்டி வந்துவிட்டேன்.

மாடி அறையில் இருந்தான். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சட்டையெல்லாம் ஈரம். என்னைப் பார்த்ததும் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கேஸ் அடுப்பைத் திருகி விட்டுட்டான் சசி. இவரு கடைக்குப் போயிட்டாரு, நான் ஒருத்தி. எனக்குப் பயமா போச்சு" என்று சித்தி அழுதாள். அவள்மேல் கோபம் வரவில்லை. மாத்திரை அட்டையில் இரண்டு நாள் மாத்திரையும் அப்படியே இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை சித்தப்பா கூட வந்தார். "எனக்கு அறுபத்தாறுடா. உங்க சித்திக்கு முட்டி வலி. பாத்துக்கறோம்னு வாய்ல வந்துருச்சு, சொல்லிட்டேன். ஏற்காடு ரோட்டுல ஒரு ஹோம் இருக்குங்கறாங்க."

"அப்புறம் வீட்டை எதுக்கு சித்தப்பா கேட்டீங்க?"

பஸ்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டது தப்புதான்" என்றார்.

சேலம் வரும் வரை தயா சட்டையை விடவில்லை. இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

மேடத்தின் ஆபீசுக்கு வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர் ஒரு காகிதத்தில் நின்றுவிட்டார். அப்பா போன பிறகு கரண்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்றுவதற்காகத் தாசில்தார் ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ். அது அந்தக் கட்டில் இருந்ததையே மறந்திருந்தேன்.

"ரேணுகா, மகள், வயது முப்பத்து நாலு. இது யாரு சார்?"

"அவங்க இல்ல மேடம்."

"இறந்துட்டாங்களா?"

"இல்ல. ஓசூர்ல இருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்கப்பா உயில் எழுதல. அதனால அந்த வீட்டுல மூணுல ஒரு பங்கு இப்பவே அவங்களோடது. நீங்க எழுதிக் குடுக்க முடிஞ்சது உங்க ஒரு பங்கு மட்டும்தான். ஆள் இல்லாத மாதிரி எழுதினா, தயாளன் தலையில ஒரு கேஸைக் கட்டி விட்டுட்டுப் போறீங்க. அதை விடுங்க. ஒரு அக்காவை வெச்சுக்கிட்டு ஏன் சார் ஊரெல்லாம் ஆள் தேடறீங்க?"

ஒன்பது வருடம் முன்பு ரேணு அக்கா கூட வேலை பார்த்த ஜெரால்டைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். எனக்கு இனி இரண்டு பிள்ளைகள்தான் என்றார் அப்பா. அப்பா சொன்னதை நான் மீறவில்லை. அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, வியாழன்

கடையில் கூட்டம். எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

வலி அதிகம். அம்மா போன அன்று அக்கா வந்தாள். அப்பா அவளை உள்ளே விடவில்லை.

சரியாக எழுதிவிடுகிறேன். அப்பா உள்ளே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கேட்டைச் சாத்தியது நான்.

பிப்ரவரி 17, சனி

மேடம் கடைக்கே வந்துவிட்டார். அக்காவிடம் பேசினீர்களா என்றார். இல்லை என்றேன். தயா ஸ்டூலில் உட்கார்ந்து பிரேம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தயாளனைக் கேட்டீங்களா, யார்கூட இருக்கணும்னு?"

"அவனுக்கு என்ன மேடம் தெரியும்?"

அவர் அவன் பக்கம் திரும்பினார். "தயா சார், அண்ணா கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா, நீங்க யார் வீட்ல இருப்பீங்க?"

"ரேணுக்கா வீட்ல" என்றான். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எந்த ரேணுக்கா?" இதைக் கேட்டது நான்தான்.

"நம்ம ரேணுக்கா. நாலாம் நம்பரை அமுக்கினா பேசுமே. பன் தின்னுட்டு தினமும் பேசுவேன். அக்கா வீட்ல பதினாலு படி. பாப்பா பேரு நிலானி. ரெண்டாங் கிளாஸ்."

அவசரத்துக்கு என்று நான் வாங்கிக் கொடுத்த பட்டன் போன். ஒன்றாம் நம்பரில் என்னைப் போட்டு வைத்தேன். நான்காம் நம்பரை நான் பார்த்ததே இல்லை. அம்மா இருந்தபோதே அவள்தான் அக்கா நம்பரைப் போட்டுக் கொடுத்தாளாம்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? அக்கா சொல்லக் கூடாதுன்னுச்சா?"

"அக்கா சொல்லல. நான்தான் சொல்லல. அக்கா பேரைச் சொன்னா நீ அழுவே."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் போய் லென்ஸ் அரைக்கும் மிஷினைப் போட்டுவிட்டு நின்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

தயாவின் போனை வாங்கி நான்கை அமுக்கினேன்.

"தயா கண்ணு, என்னடா காலையிலேயே?"

"நான் சசி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இரண்டு.

"தயாவுக்கு என்ன?"

"தயாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

சொன்னேன். முடித்ததும் "என்னைக்கு?" என்றாள். இருபத்தாறு என்றேன். "நாளைக்கு வரேன்" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 19, திங்கள்

பதினோரு மணிக்கு ஆட்டோ சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நின்றாள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள்.

"திறந்துதான் இருக்கு, வா" என்றேன்.

"தெரியுது. நீ வந்து திற."

போய்த் திறந்தேன்.

தயா அவளைப் பார்த்ததும் கத்தவில்லை, குதிக்கவில்லை. நேற்றுப் பார்த்தவளிடம் பேசுவதுபோல, "அக்கா, பன் வாங்கிட்டு வந்தியா?" என்றான். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

நான் எழுதிய நான்கு பக்கத்தையும் படித்தாள். "மாத்திரைன்னு மட்டும் எழுதியிருக்கே. கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு அப்புறம் துப்புவான். ரெண்டு வாய் தண்ணி குடிச்சப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இந்த வீட்டை விட்டுப் போற வரைக்கும் அவனுக்கு மாத்திரை குடுத்தது யாருன்னு நினைச்சே?"

காகிதங்களை மடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு அவளே சொன்னாள். "அப்பா போனதை தயாதான் சொன்னான். அப்பா கண்ணாடிப் பெட்டியில தூங்கறாரு, ஜில்லுன்னு இருக்காருன்னான். கெளம்பி ஓமலூர் வரைக்கும் வந்தேன். அங்கயே இறங்கித் திரும்பிட்டேன். இன்னொரு தரம் அந்தக் கேட்டுகிட்ட நிக்க என்னால முடியலடா."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது.

"இல்ல."

பீன்ஸ் நறுக்கினோம். நறுக்கிக்கொண்டே பேசி முடித்தோம். தயாவைக் கூட்டிப்போக அவளுக்கு வீடு வேண்டாமாம், அவள் பங்கிலும் அவனே இருக்கட்டும் என்றாள். ஒன்று மட்டும் கேட்டாள். "உயில்ல சும்மா ரேணுகான்னு போடாதே. என் அக்கா ரேணுகான்னு போடு."

பிறகு கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு நினைவு வரலன்னா நான் என்ன செய்யணும்? இப்பவே சொல்லு. அங்க வந்து நின்னுகிட்டு என்னால யோசிக்க முடியாது."

"மாசக்கணக்கா மிஷின்ல போட்டு வைக்காதே. ஆனா டாக்டர் வாய்ப்பு இருக்குன்னா, இன்னொரு தரம் திறக்கணும்னாலும் திறக்கச் சொல்லு. கை கால் போனாலும் பரவாயில்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

பிப்ரவரி 22, வியாழன்

சார்பதிவாளர் ஆபீஸ். என் முறை வந்ததும் எழுத்தர் காகிதத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பத்திரண்டா?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், ஏதோ தப்பு பண்ணிவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல. பேக்கரி ராயப்பன் அண்ணனும், நம் கடைக்கு ஆள் அனுப்பும் கண் டாக்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

என் பங்கு வீடு, கடை எல்லாம் தயாவுக்கு. அவனுக்காகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் அக்கா ரேணுகாவுக்கு. நினைவில்லாமல் போனால் எனக்காக முடிவெடுப்பவளும் அவளே என்று தனியாக ஒரு பத்திரம், நோட்டரி முன்னால். காப்பாளர் மனுவில் எங்கள் இரண்டு பேர் பெயரும்.

வெளியே வந்ததும் அக்கா மேடத்திடம் கேட்டாள். "நிலானிக்கு ஏழு வயசு மேடம். எனக்கும் அவருக்கும் ஒண்ணுன்னா அவ யார்கிட்ட இருப்பா? நாங்க ஒரு காகிதம்கூட எழுதல." ஆபரேஷன் முடிந்ததும் அவளையும் ஜெரால்டையும் வரச் சொன்னார் மேடம்.

பயம் போகவில்லை. ஆனால் நேற்றுவரை இருந்த பயம் வேறு, இது வேறு. இது எனக்காக மட்டும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. தலையை மழித்துவிட்டார்கள். ஜெரால்டு வந்து தயாவை ஓசூருக்குக் கூட்டிப் போனார். அவரை இன்றுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறேன். மெல்லிய ஆள், தயாவின் பையை அவரே தோளில் மாட்டிக்கொண்டார். "பயப்படாதீங்க சசி. இவரை நான் பாத்துக்கறேன்" என்றார். தயா கை காட்டினான். அக்கா என்னோடு இருக்கிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். வலது கை இன்னும் சரியாக வரவில்லை.

பதினொரு நாள் எனக்குத் தெரியாது. கிளிப் போட்ட மறுநாள் ரத்தம் கசிந்ததாம். மறுபடி திறந்தார்களாம்.

கை வலிக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

அக்காவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுபடி திறந்தால் பிழைக்கலாம், ஆனால் கை விளங்காமல் போகலாம், பேச்சு போகலாம் என்றாராம் டாக்டர். அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். சித்தப்பா அழுதுகொண்டே, "போதும்மா, அவனைக் கஷ்டப்படுத்தாதீங்க, நிம்மதியா போகட்டும்" என்றாராம். பாசத்தில்தான் சொல்லியிருப்பார். அக்கா பையிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, "அவன் திறக்கச் சொல்லியிருக்கான் சித்தப்பா" என்று கையெழுத்துப் போட்டாளாம்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். பேச்சு வந்துவிட்டது, கொஞ்சம் இழுக்கிறது.

"பயம்தான். நீ செத்துருவியோன்னு பயம். ஆனா நான் பண்றது சரியா தப்பான்னு பயப்படல. அதை நீயே சொல்லிட்டே இல்ல?"

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அப்போதுதான், அவள் வந்த ஐந்து வாரமாக, அம்மா போன மூன்று வருடமாகக் கேட்காத மன்னிப்பைக் கேட்டேன். வார்த்தை இழுத்து இழுத்துத்தான் வந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, சாப்பிடு" என்றாள்.

ஏப்ரல் 10, புதன்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். துணைக்கு இருந்த சித்தி இன்று காலை ஊருக்குப் போனாள். வலது கையால் டம்ளர் பிடிக்கிறேன். பேனா பிடிக்க இன்னும் நாளாகும். காப்பாளர் மனுவுக்கு அடுத்த மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தயாவுக்குப் போன் செய்தேன். இன்றைக்கே ஜெரால்டு கொண்டுவந்து விடுவதாகத்தான் பேச்சு.

"எத்தனை மணிக்குக் கெளம்புறே?"

"இன்னைக்கு வரல சசிண்ணா. வெள்ளிக்கிழமை வரேன்."

"ஏன்டா?"

"நாளைக்கு நிலானிக்கு லீவு. மாமா ஏரிக்குக் கூட்டிட்டுப் போறாரு. போட் டிக்கெட்டை நான்தான் கையில வெச்சுக்கணும்."

"அண்ணன் இங்க தனியா இருக்கேனே."

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு நாள்தானே. நீ மாத்திரை சாப்பிடு. வாயைத் திறந்து காட்டு, அப்பத்தான் போயிருக்கும்" என்று வைத்துவிட்டான்.

நான் இல்லாவிட்டால் அவன் என்ன ஆவான் என்றுதான் இத்தனை நாளும் பயந்தேன். சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தேன். ஒரு டம்ளர் எடுத்தேன், அதிகம் என்று தோன்றியது, பாதியைத் திரும்பக் கொட்டினேன். பிறகு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். ஒருத்தனுக்கு மட்டும் நான் சமைத்ததே இல்லை.